இரண்டாவது ஆள்

தெருவில் பாவு போடும் நாளில் யார் கை எது என்று யாரும் கேட்பதில்லை. ஆரணியில் எங்கள் தறிக்காரத் தெருவின் வழக்கம் அது. விடியற்காலையில், வெயில் ஏறுவதற்குள், பட்டு இழையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, சிக்கெடுத்து, அறுந்ததை முடிந்து சுருட்டிவிட வேண்டும். நடுநடுவே குச்சி கொடுத்துத் தூக்கிப் பிடிக்க ஏழெட்டுக் கை தேவை. பாவு யாருடையதானால் என்ன, பால் வாங்கப் போகிறவள்கூட சொம்பைக் கீழே வைத்துவிட்டு ஒரு குச்சியைப் பிடிப்பாள். அடுப்பு ஞாபகம் வந்தால் அடுத்தவள் கையில் கொடுத்துவிட்டு ஓடுவாள். குச்சி விழக் கூடாது, அவ்வளவுதான். பிடித்தது நீயா நானா என்று பிறகு யாரும் விசாரிப்பதில்லை.

கற்பகம் செய்த தப்பு இங்கிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன். அவளை மன்னிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. எதிர்வீட்டிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். என்னாலும் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

கற்பகமும் அவள் புருஷன் வேலுவும் படவேட்டுப் பக்கத்திலிருந்து கூலி நெசவுக்கு வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் பக்கத்துத் தெருவில் மாடி வீட்டில் நடக்கும் ஜெப வீட்டுக்குப் போகத் தொடங்கினாள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு போவாள். வேலு போகமாட்டான், தடுக்கவும் மாட்டான். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் சுகன்யா வீடு. அவளும் தறிக்காரி, இந்தத் தெருவிலேயே பிறந்தவள். புருஷன் கம்பெனி பஸ்ஸில் செய்யாருக்கு ஷிப்ட் போகிறவன். அவர்களுக்கு ஒரே மகள், தீபா. மூன்றாம் வகுப்பு முடித்திருந்தாள்.

தீபா வாய் ஓயாத பிள்ளை. தறிக்குழி ஓரத்தில் வந்து உட்கார்ந்தால் கற்பகத்தின் காதைக் கடித்துத் துப்பிவிடுவாள். டீச்சருடைய செருப்பு, பக்கத்துப் பையனுடைய பல், டிவியில் பார்த்த பேய் என்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டு, "பெரிம்மா, நீ கேக்கறியா இல்லியா?" என்று அதட்டவும் செய்வாள். கற்பகம் தறியில் நாடாவைத் தள்ளிக்கொண்டே, "கேட்டுகினுதான் இருக்கேன், சொல்லுடி" என்பாள். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நெய்த புடவையில் பிசிறு விழாது என்று வேலு கிண்டல் செய்வான்.

மே மாதம் ஜெப வீட்டில் பிள்ளைகளுக்குப் பத்து நாள் விடுமுறை வகுப்பு. பாட்டு, கதை, படத்துக்குக் கலர் அடிப்பது, பதினோரு மணிக்கு பன்னும் ஆரஞ்சு ஜூஸும். சபைப் பிள்ளைகள் மட்டுமில்லை, தெருப் பிள்ளைகளும் போகும். இந்த வருஷம் தலைமைச் சபையிலிருந்து புதுச் சட்டம் வந்திருந்தது. எங்கேயோ என்னவோ நடந்து, அவர்களும் விழித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் இருக்கும் அறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். தினமும் இரண்டு பேரும் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாவது ஆள் இல்லையென்றால் அன்றைக்கு வகுப்பு கிடையாது. நல்ல சட்டம்தான். எழுதியவர்கள் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

சின்னப் பிள்ளைகள் வகுப்புக்கு சுதாகர் வாத்தியார். முப்பது வயது, கீபோர்டு வாசிப்பான், சிரித்த முகம். இரண்டாவது ஆளாகக் கற்பகத்தைப் போட்டார்கள். அரை நாள் பயிற்சி கொடுத்து, கழுத்தில் மாட்ட அட்டை கொடுத்தார்கள். 'குழந்தைப் பாதுகாப்பு உறுப்பினர்' என்று அவள் போட்டோவுக்குக் கீழே அச்சடித்திருந்தது. அட்டையின் பின்பக்கம், பிள்ளைகளுக்கு ஆபத்தென்றால் கூப்பிட, 1098 என்று பெரிய எழுத்தில் நம்பர். கற்பகம் அதைத் தெருவில் நாலு பேருக்காவது காட்டியிருப்பாள்.

சுகன்யாவுக்குக் கொஞ்சம் யோசனை.

"நாங்க சாமி கும்புடறவங்கக்கா. அவரு இன்னா சொல்வாரோ."

"உன்ன யாரு மதம் மாறச் சொன்னா? லீவுல வெயில்ல சுத்திகினு கீது கொயந்த. அங்க வந்தா பாட்டு கத்துக்கும், படம் வரையும். பன்னு தராங்க."

"பொம்பளப் புள்ளக்கா."

"அதான் நான் இருக்கேனில்ல? ரூம விட்டு நகர மாட்டேன். தோ பாரு, அட்டையே குடுத்துக்கீறாங்க. என்ன நம்பி அனுப்பு."

சுகன்யா அனுப்பினாள்.

நாலு நாள் கற்பகம் சொன்னபடி இருந்தாள். அறை மூலையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிள்ளைகளோடு சேர்ந்து கை தட்டிப் பாடினாள். ஒன்றுக்குப் போகிற பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தாள். நாலாம் நாள் சாயங்காலம் முதலாளி வீட்டிலிருந்து புதுப் பாவு வந்தது. கல்யாண ஆர்டர், ஜல்தி வேண்டும் என்று ஆள் சொல்லிவிட்டுப் போனான். புதுப் பாவு வந்தால் பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புது இழையை விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். நாலாயிரம் இழைக்கு மேல் இருக்கும். வழுக்காமல் இருக்க விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, தறிச் சத்தம்கூட இல்லாமல் வீட்டுக்குள்ளேயே, குனிந்த தலை நிமிராமல் செய்கிற வேலை. வேலுவுக்கு அந்தப் பார்வை போய்விட்டது. கற்பகம் விரல்தான் அந்த வீட்டில் ஓடும்.

ஐந்தாம் நாள் காலையில் அவள் போகவில்லை. பத்து மணி வாக்கில் சுதாகர் ரெஜிஸ்டரோடு வீட்டுக்கு வந்தான். வாசற்படியில் குந்தி, வேலு கொடுத்த மோரைக் குடித்தான்.

"இன்னாக்கா, வரலியா? பசங்கல்லாம் வந்து குந்திகினு கீதுங்க."

"பாவு வந்துடுச்சி தம்பி. மூணு நாளு முறுக்கற வேலையே கீது. அப்புறம் நெசவு, ஆர்டரு அர்ஜென்ட்டு. இந்த வாட்டி என்ன வுட்டுடுங்க."

"நீங்க இல்லன்னா கிளாஸையே நிறுத்தணும்னு ரூலுக்கா. இருபத்திரண்டு புள்ளைங்க. திருப்பி அனுப்பவா?"

"பாஸ்டரம்மா இருக்காங்க இல்ல?"

"கீழதான் இருக்காங்க, பெரிய பசங்களோட. அப்பப்ப வந்து பாத்துப்பாங்க. நீங்க சைன் மட்டும் போட்டுக் குடுத்துடுங்க, மத்தத நாங்க பாத்துக்கறோம்."

கீழே ஒருத்தி இருக்கிறாள், மேலே ஒருத்தன் இருக்கிறான், எந்தக் கை பிடித்தால் என்ன, குச்சி விழாது. கற்பகம் அப்படித்தான் நினைத்தாள். மடியில் கிடந்த இழையை வேலுவிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, சாம்பல் விரலோடு பேனாவை வாங்கி, ஐந்திலிருந்து பத்து வரை ஆறு நாளுக்கும் இரண்டாவது ஆள் என்ற இடத்தில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு கையெழுத்துக்குப் பக்கத்திலும் ஒரு சாம்பல் கறை விழுந்தது. சுதாகர் ஊதிப் பார்த்தான், போகவில்லை. பரவாயில்லைக்கா என்று சிரித்துக்கொண்டு போனான்.

தீபா ஏழாம் நாள் வரை போனாள். எட்டாம் நாள் வயிற்று வலி என்று படுத்துக்கொண்டாள். ஒன்பதாம் நாளும் வலி. வெயில் சூடு என்று சுகன்யா வெந்தயம் ஊற வைத்துக் கொடுத்தாள். அதன் பிறகு அந்தப் பிள்ளை தறிக்குழிப் பக்கம் வரவில்லை. கற்பகத்துக்கு வேலை மும்முரம், கவனிக்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒருநாள் தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்த அம்மாவிடம்தான் சொன்னது. மற்ற பிள்ளைகளையெல்லாம் ஜூஸ் குடிக்கக் கீழே அனுப்பிவிட்டு, சுதாகர் அண்ணன் தன்னை மட்டும் நிறுத்திக் கதவைச் சாத்தினான் என்று. அதற்கு மேல் அந்தக் குழந்தை சொன்னதை எழுத எனக்குக் கை வரவில்லை.

சுகன்யா எண்ணெய்க் கையோடு அப்படியே கற்பகம் வீட்டுக்கு ஓடி வந்தாள். தறிக்குழிக்கு எதிரே நின்றாள். மூச்சு வாங்கியது.

"யக்கா, நீ அங்கதான இருந்த? பத்து நாளும் நீ அங்கதான இருந்த?"

"இன்னாடி, இன்னா ஆச்சி?"

சொன்னாள். கற்பகத்தின் கையில் நாடா நின்றுவிட்டது.

"கதவ சாத்தினானாம்க்கா. நீ எங்க போன அப்போ? ஒண்ணுக்கு கிண்ணுக்கு எழுந்து போனியா? சொல்லுக்கா. கொயந்த சொல்றது நெசமா?"

அந்த இடத்தில் ஒரு நிமிஷம் இருந்தது. ஒரே ஒரு நிமிஷம். உண்மையைச் சொல்ல அது போதும். வேலு எதிரே ராட்டையில் நாடாவுக்குள் போடும் தார் நூலைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் நிமிர்ந்து பொண்டாட்டியைப் பார்த்தான்.

"நான் அங்கதான் இருந்தேன் சுகன்யா," என்றாள் கற்பகம். "ரூம வுட்டு நகரல. அப்பிடி ஒண்ணும் நடக்கலியே."

அந்த வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று தனக்கே தெரியவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள். எனக்குத் தெரியும். பயத்தில் வந்தது. கழுத்தில் மாட்டிய அட்டை, போட்ட ஆறு கையெழுத்து, என்னை நம்பி அனுப்பு என்று சொன்ன வாய் எல்லாம் சேர்ந்து அவளை அமுக்கிவிட்டது. சுகன்யா முகத்தில் அப்போது வந்தது நிம்மதி என்று வேலு சொன்னான். எந்தத் தாய்க்குத்தான் வராது?

"டிவிய பாத்துப் பாத்து கெட்டுப் போச்சிக்கா. இன்னா பேச்சு பேசுது பாரு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் அடி விழத் தொடங்கியது. ஈர்க்குக் குச்சி முறிகிற சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

"யாருடி சொல்லிக் குடுத்தது? ஒரு ஆம்பள மேல இப்பிடி பழி சொல்றியே, பெரிம்மா அங்கயே குந்திகினு இருந்திருக்காங்க! சொல்லு, பொய்தான? பொய்தான?"

"நெசம்மா... அம்மா, நெசம்மா..."

"இன்னொரு வாட்டி சொல்லு, வாய்ல சூடு வெக்கறேன்."

கடைசியில் குழந்தை, "பொய்ம்மா, பொய் சொன்னேன்மா, இனிமே சொல்ல மாட்டேன்மா" என்று கத்தியது. அடி நின்றது.

வேலு ராட்டையை நிறுத்தினான்.

"நீ என் எதிர்ல குந்திகினு இய முறுக்கிகினும் நெசவு ஓட்டிகினும் இருந்த."

கற்பகம் அறுந்த இழையைத் தேடுகிறவள் மாதிரி தறிமேல் குனிந்தாள்.

"ஆறு நாளும். நான் பாத்துகினுதான இருந்தேன். எயுந்து போய் சொல்லு."

"சைன் போட்டுட்டேன்யா."

"சைன எடுத்துகினு போயி ஆத்துல போடு. அந்தக் கொயந்த அயுவுது, காது கேக்கலியா?"

அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. கூழும் இறங்கவில்லை, நெசவும் ஓடவில்லை. மூன்றாம் நாள் எழுந்தபோதும் பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை. ஜெப வீட்டுக்குப் போனாள். பெரியவர்களிடம் சொன்னால் அவர்கள் சரியாகச் செய்வார்கள் என்று நம்பினாள். பாஸ்டர் ஜெயக்குமார் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து முழுசாகக் கேட்டார். கோபப்படவில்லை. பாஸ்டரம்மாதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் மேல போவவே இல்லங்க," என்றாள் பாஸ்டரம்மா மெதுவாக. "கற்பகம் சைன் போட்டுக்கீறாங்க, மேல இருக்காங்கன்னு நெனச்சிகினேன்."

பாஸ்டர் மனைவியைப் பார்த்த பார்வையில் அவள் அதற்கு மேல் பேசவில்லை.

"சிஸ்டர், ஆண்டவர் சமுகத்தில வச்ச ரெஜிஸ்டர் அது. பத்து நாளும் இருந்தேன்னு கையெழுத்து போட்டிருக்கீங்க. இன்னிக்கு வந்து இல்லன்னு சொல்றீங்க. ரெண்டுல எது பொய்?"

"கையெழுத்துதான் பொய்ங்கய்யா. வூட்ல குந்திகினு போட்டேன். சாம்பல் கையோட போட்டேன். பக்கத்துல கறை இருக்கும் பாருங்க, அந்த ஆறு நாளுக்கு மட்டும்தான் இருக்கும். அதப் பாத்தாலே தெரியும்."

"ரெஜிஸ்டர் தலைமைச் சபைக்குப் போயிடுச்சி. இங்க ஜெராக்ஸ்தான் இருக்கு."

எடுத்துக் காட்டினார். பத்துக் கையெழுத்தும் ஒரே மாதிரி கறுப்பாக, பளிச்சென்று இருந்தன. ஜெராக்ஸ் மெஷினுக்குச் சாம்பல் தெரியவில்லை. வெள்ளைத் தாள் வெள்ளையாகவே விழுந்திருந்தது. கற்பகம் விரலால் அந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தாளாம்.

"கொயந்தையே பொய்னு ஒத்துகிச்சின்னு தெருவுல சொல்றாங்களே," என்றார் பாஸ்டர். "இத பெருசாக்குனா யாருக்கு நஷ்டம்? அந்தப் பொண்ணுக்கும்தான். ஜெபம் பண்ணுவோம். சுதாகர் கிட்ட நான் பேசறேன்."

பேசினாரோ என்னவோ, அடுத்த ஞாயிறு கீபோர்டு வாசிக்க வேறு ஆள் வந்தான். சுதாகரைச் சேத்துப்பட்டுக் கிளைக்கு ஊழியத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். அங்கேயும் பிள்ளைகள் வகுப்பு இருக்கிறது. அங்கேயும் ஒரு ரெஜிஸ்டர் இருக்கும்.

ஜெப வீட்டிலிருந்து திரும்பிய அன்றைக்குத்தான் கற்பகம் சுகன்யா வீட்டுக்குள் போனாள். நின்றபடியே சொல்லி முடித்தாள். சுகன்யா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீ அங்க இல்ல."

"இல்லடி."

"ஒருநாளும் இல்ல."

"அஞ்சாம் நாள்லேந்து இல்ல."

"நான் வந்து கேட்டேனேக்கா. எண்ணெக் கையோட வந்து கேட்டேனே. உன் பேச்ச நம்பி என் கொயந்தைய அடிச்சேனே." அவள் குரல் உயரவில்லை. "முதுகு தடிச்சிப் போச்சி. பொய் சொன்னேன்னு சொல்ற வரைக்கும் அடிச்சேன். நெசத்த சொன்னதுக்கு அடிச்சிக்கீறேன்."

"கால்ல வேணா வியறேன் சுகன்யா."

"வியுந்து? பெத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும் உனக்கு. போயிடு."

அந்தச் சொல் எங்கே குத்தும் என்று சுகன்யாவுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள். கற்பகம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

அன்றிரவே சுகன்யா புருஷன் தீர்மானமாகச் சொல்லிவிட்டான். போலீஸ் கீலீஸ் என்று யாரும் போகக் கூடாது, நாளைக்குப் பெண்ணை யார் கட்டுவார்கள். எட்டு வயசுப் பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் திட்டவும் வரவில்லை. இரண்டு நாள் கம்பெனி பஸ் வந்து நின்று ஹாரன் அடித்துவிட்டு அவன் இல்லாமலே போனது.

அடுத்த வாரம் சுகன்யாவுக்குத் தெருவில் பாவு. விடியும்போதே மேற்கே ஜவ்வாது மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. பாதி வேலையில் தூறல் விழுந்தது. எல்லோரும் ஓடி வந்து தூக்கிப் பிடித்துச் சுருட்டத் தொடங்கினார்கள். நடுவில் ஒரு இடத்தில் கை இல்லாமல் பாவு தொய்ந்தது. கற்பகம் ஓடி வந்து குச்சியைப் பிடித்தாள்.

"வுடு," என்றாள் சுகன்யா கோடியிலிருந்து.

"நனையுதுடி."

"நனைஞ்சாலும் போவுது. உன் கை வேணாம். வுட்டுடு."

கற்பகம் விட்டாள். அந்த இடத்தில் பட்டு இறங்கிச் சேற்றைத் தொட்டது. பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பிடிப்பதற்குள் ஒரு முழம் நீளத்துக்குச் சிவப்பு மண் ஏறிவிட்டது. எங்கள் தெருவில் குச்சி விழுந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கற்பகம் வீட்டுக்குள் போய் ஆணியில் தொங்கிய அட்டையை எடுத்தாள். திருப்பினாள். பின்பக்கத்து நம்பருக்குப் போன் செய்தாள். தன் பேர், தெரு, சபை, தான் போட்ட பொய்க் கையெழுத்து, தான் சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் செய்த ஒரே சரியான காரியம் அது. ஒரு மாதம் தாமதம்.

மூன்றாம் நாள் எஸ்.ஐ. மதிவதனி வந்தார். யூனிபார்ம் இல்லை, சாதாரண சுடிதார். கூட ஒரு சமூக நல அலுவலக அம்மா. ஜீப்பைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். எஸ்.ஐ. நல்ல மாதிரியான பெண். தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, தீபாவின் நோட்டை வாங்கிப் பார்த்து, பள்ளிக்கூடத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். தீபா தலையை மட்டும் ஆட்டினாள். அந்தப் பிள்ளையின் குரலைத் தெருவில் கேட்டே பல நாள் ஆகியிருந்தது. சுகன்யா சுவரோரம் நின்றாள், மகளைத் தொடுவதற்குக்கூடப் பயந்தவளாக. முன்பே ஒருவாட்டி அவள் மகளிடம் சொல்லிவிட்டிருந்தாள், "நீ சொன்னது நெசம்டி, அம்மா இனிமே அடிக்க மாட்டேன்." பிள்ளை அதற்கும் தலையாட்டியது.

"பாப்பா, லீவுல பாட்டு கிளாஸுக்குப் போனியே, அங்க என்ன நடந்துச்சின்னு உனக்கு இஷ்டம் இருந்தா சொல்லலாம். நீ சொன்னா நான் நம்புவேன்," என்றார் மதிவதனி.

தீபா நோட்டைத் திருப்பி வாங்கிப் பைக்குள் வைத்தாள். வாசலில் நின்ற கற்பகத்தால் பொறுக்க முடியவில்லை. உள்ளே வந்து தரையில் மண்டி போட்டாள்.

"கண்ணு, பெரிம்மா எல்லாத்தியும் சொல்லிட்டேன்டி. நான் அங்க இல்லன்னு சொல்லிட்டேன். நான்தான் பொய் சொன்னவ. நீ இல்ல. நீ நெசத்த சொல்லு, நான் கேட்டுகினுதான் இருக்கேன், சொல்லுடி."

தீபா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு எஸ்.ஐ.யைப் பார்த்தாள். பாடம் ஒப்பிக்கிற மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு, தெளிவாகச் சொன்னாள்.

"பெரிம்மா அங்கதான் இருந்தாங்க. ரூம வுட்டு நகரல. அப்பிடி ஒண்ணும் நடக்கல. நான்தான் பொய் சொன்னேன்."

சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னோமா என்று அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.